ஐம்பத்தெட்டுக் கிலோ

கீரனூரைத் தாண்டிவிட்டோம் சித்தி என்று அக்கா மகன் சுகுமார் போனில் சொல்லி எட்டு நிமிடம் ஆகிறது, உறையூர் வந்துசேர இன்னும் முக்கால் மணியாவது ஆகும், சும்மா நின்றால் மனசு எங்காவது போய் முட்டிக்கொள்ளும் என்று பழைய பேப்பரை விரித்து முருங்கைக்கீரையோடு அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்காருவது எப்போதுமே சுலபம். எழுந்திருக்கும்போதுதான் வயது தெரியும். போன வருஷம் இதே இடத்திலிருந்து எழ ஒரு கை மேடையின் விளிம்புக்குப் போகும், இன்னொரு கை முட்டிக்குப் போகும், வாய் தானாக ஒரு சத்தம் போடும், கூடத்தில் இருக்கிற இவருக்கு அது கேட்டு, என்ன தனம், வண்டி கிளம்பலையா என்பார். கல்லூரி பஸ் ஓட்டுகிறவர், அவருக்கு எல்லாமே வண்டிதான். இப்போது கை ஊன்றாமல் எழுந்துவிடுகிறேன், பத்துக்கு ஒன்பது தடவை. அந்தப் பத்தாவது தடவை இன்றைக்கென்று பார்த்து வந்துவிட்டால்? வேண்டாம், கீரையைப் பார். ஈர்க்கு ஒன்று விழுந்துவிட்டது, எடுத்துப் போடு, அக்காவுக்கு ஈர்க்கு ஆகாது, ஒன்று கிடந்தாலும் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து எல்லோருக்கும் காட்டுவாள். காட்டின வலது கைதான் இரண்டு வருஷமாக மடியிலேயே கிடக்கிறது. ஒரு காலையில் பல் துலக்கும்போது வலது பக்கம் இழுத்துவிட்டது. புதுக்கோட்டை தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் தட்டச்சு அடித்த கை. பார்த்துக்கொள்ள வந்த மூன்று பெண்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள், சுகுமாரும் அவன் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார்கள், கடைசியில் விராலிமலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி வைத்துவிட்டான். ஐம்பத்தொன்பது வயது முதியோரா? எனக்கே ஐம்பத்தொன்று, இன்னும் எட்டு வருஷத்தில் நானும் முதியோரா? நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவன், "ஒரு வாரம் பாப்போம் சித்தி. உங்களால அம்மாவைத் தூக்கி இறக்க முடிஞ்சா அங்கயே இருக்கட்டும். முடியலைன்னா நீங்க அழக்கூடாது, நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றான். நல்ல பிள்ளை, கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தீபாவளிக்கு நடந்ததை அவனும் பார்த்தானே.

பார்த்தான் என்றால் முழுக்கப் பார்க்கவில்லை, கடைசியில் எங்களைத் தூக்கிவிடும்போதுதான் வந்தான். அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு நாங்கள் புதுக்கோட்டைக்குப் போயிருந்தோம், ஆண்கள் இரண்டு பேரும் வெளியே போயிருந்தார்கள், சுகுமாரின் மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், அக்கா சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்குப் போக வேண்டும் என்றாள். வா, நான் இல்லையா என்று அவளுடைய இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து அப்படியே இழுத்தேன். ஐம்பத்தெட்டுக் கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை வாசலிலிருந்து உள்ளே கொண்டுவருகிறவள்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மூட்டைக்குப் பயம் கிடையாது, ஆளுக்கு உண்டு, பயந்த உடம்பு இரண்டு மடங்கு கனக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தொடை இரண்டும் நூலாகிப் போயின. நான் பின்னால் சரிய, அக்கா என்மேல் சரிய, இரண்டு பேரும் தரைக்கு வந்துவிட்டோம். அடிபடவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அவளுடைய இடது கை என் முந்தானையைப் பிடித்திருந்தது, அவள் புடவை நனைந்திருந்தது, கூரையில் விசிறி சுற்றுவதை இரண்டு பேரும் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம் இருக்கும். வெளியே வெடிச் சத்தத்தில் நான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. சுகுமாரின் மனைவி இறங்கி வந்து பார்த்துப் பதறி ஓடிவந்தாளே, அப்போது அக்கா அவளைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றாள். விழுந்ததுகூடப் பெரிதில்லை. தாசில்தாரிடமே அந்த வார்த்தையைச் சொல்லாதவள். பேருந்தில் காலை மிதித்துவிட்டு, மிதிபட்டவரைப் பார்த்துக் காலை ஏன் நீட்டுறீங்க என்று கேட்டவள். மன்னிச்சுக்கம்மா. திரும்பி வரும்போது திருமயம் வரைக்கும் எனக்கு... திருமயம் இல்லை, அது அந்தப் பக்கம், கீரனூர் வரைக்கும் எனக்கு அந்த வார்த்தையே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கார் சத்தம். இல்லை, ஆட்டோ. போய்விட்டது.

ஓசூரில் வேலை செய்கிற என் மகள் தேன்மொழியிடம் போனில் அழுதபோது அவள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கால்ல சதையே இல்லைம்மா, நாப்பது வயசுக்கு மேல அது தானா கரையும், நாமதான் பிடிச்சு வைக்கணும் என்று ஏதோ விளக்கினாள், அவள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவள். நான்காம் நாள் பார்சலில் ஒரு டப்பா வந்தது. கிரியாட்டின், சதை பிடிக்கச் சாப்பிடுகிற தூளாம். டப்பாவின்மேல் சட்டை போடாத ஒருவன், புடைத்த நரம்பெல்லாம் தாம்புக்கயிறு மாதிரி, அடுப்படியில் கடுகு டப்பாவுக்கும் வெந்தய டப்பாவுக்கும் நடுவில் இவனை எப்படி நிறுத்துவது? சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன், பின்பக்கமும் அவன்தான், முதுகு. நாட்காட்டியில் கிழித்த தாளை மாவு தடவி ஒட்டி மூடினேன். இவர் அதைப் படித்துவிட்டு, மேஷத்துக்கு இன்னைக்கு வரவுன்னு போட்டிருக்கு, உள்ள என்ன இருக்கு என்றார். சொன்னேன். அன்றிலிருந்து எனக்குப் பயில்வான் என்று பெயர். ஒரு நாளைக்கு ஒரு கரண்டி, உள்ளேயே இருக்கிற பிளாஸ்டிக் கரண்டி, தண்ணீரில் கலக்கிக் குடி, தூள் மட்டும் குடிச்சிட்டு உக்காந்திருந்தா ஒண்ணும் வராது, நாற்காலியில உக்காந்து எழுந்திரி, தண்ணிக் குடத்தைத் தூக்கு என்று மகள் சொல்லியிருந்தாள். ருசி ஒன்றுமில்லை, அடியில் மட்டும் கொஞ்சம் மணல் மாதிரி நிற்கும். ஒரு கரண்டி என்றால் எங்கள் வீட்டில் குவித்த கரண்டி. படியோ ஆழாக்கோ எதுவானாலும் கூம்பாக நின்று, நாலு அரிசி சரிந்து கீழே விழுந்தால்தான் அது அளந்தது. விரலால் தலைதட்டுவது கடைக்காரன் செய்வது, வீட்டு மனிதர்களுக்கு யாராவது தலைதட்டி அளப்பார்களா? உடம்புக்கு நல்லது என்று பெண் வாங்கி அனுப்பியதை வழித்துப் போட எனக்குக் கை வரவில்லை. அதிலும் கொஞ்சம் அமுக்கிவிட்டுக் குவித்தேன். மூன்று வாரம். வயிறு தண்ணீர்ப் பானை மாதிரி குலுங்கியது, காலையில் இரண்டு தடவை ஓட வேண்டியிருந்தது, எடை இரண்டு கிலோ ஏறி, ரவிக்கைக் கை பிடித்தது, சதை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பைத்தியம். வீடியோவில் பேசும்போது நான் கரண்டியை எடுப்பதைப் பார்த்துத்தான் தேன்மொழி அலறினாள். யாரும்மா அப்படிக் குமிச்சுப் போடச் சொன்னது, அது மருந்தளவு, பொங்கல் வைக்கிற அரிசி இல்லை என்றாள். பழக்கம் என்றேன். பழக்கத்தைத் தட்டு என்றாள்.

அதோடு போகவில்லை. இவருடைய கல்லூரியில் டிரைவர்களின் குடும்பத்துக்கு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள், காகிதத்தில் ஒரு வரிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு வந்தது. உப்பு கூடியிருக்குங்க, ஒன்று புள்ளி மூன்று, கிட்னியைப் பாத்துக்குங்க என்று அங்கே உட்கார்ந்திருந்தவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? ஒன்று புள்ளி மூன்று, ஒன்று புள்ளி மூன்று என்று சாதம் வடிக்கும்போதும் கோலம் போடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவைத் தூக்கப் போகிறேன் என்று கிளம்பி என்னையே யாராவது தூக்கிக்கொண்டு போய் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிஷினில் படுக்க வைக்கிற மாதிரி ஆகிவிட்டதே, பேராசைதான், ஐம்பது வயதுக்கு மேல் பலம் கேட்டது பேராசை. நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் முனைக் கிளினிக் டாக்டரம்மாவிடம் டப்பாவைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனேன். அவர் நாட்காட்டித் தாளை நகத்தால் கிழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தத் தூளைச் சாப்பிட்டாலே அந்த எண் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். கிட்னி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமில்லை. நல்லா இருக்குன்னும் நான் சும்மா சொல்ல மாட்டேன். ஒரு மாசம் நிறுத்துங்க, மறுபடி பாப்போம்" என்றார். மார்கழி முழுக்க நிறுத்தினேன். தை பிறந்து பார்த்ததில் புள்ளி எட்டு. சிறுநீரும் சுத்தம். சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை, தலைதட்டி ஒரு கரண்டி போடுங்க, நிறையத் தண்ணி குடிங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க என்றார். புள்ளி எட்டு. அந்த எண்ணையும் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன், சந்தோஷத்தில். இப்போதும் கரண்டியைத் தட்டும்போதெல்லாம் யாரையோ ஏமாற்றுகிற மாதிரி விரல் கூசும். கீரையில் பாதிக் கட்டு ஆகிவிட்டது. மணி மூன்று ஐம்பது. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டேனா? போட்டேன். வாசற்படிக்குப் பலகை? இவர் ஆணியடித்து, அதன்மேல் தானே இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், முதல் நாள் ஐந்து தடவைக்கே தொடை நடுங்கியது, இப்போது இருபது, மறுபடி ஒரு இருபது, கையில் தண்ணீர்க் குடத்தோடு. தூள் செய்ததா, நாற்காலி செய்ததா? டாக்டரம்மாவைக் கேட்டால் ரெண்டும்தான் என்கிறார், மகளும் அதையே சொல்கிறாள், இவர் மட்டும் ரெண்டும் இல்லை, பிடிவாதம் என்கிறார். பிசியோதெரபிப் பெண் ஒருத்தி நான்கு தடவை வந்து முறையைக் கற்றுக்கொடுத்தாள். கையால தூக்காதீங்க ஆன்ட்டி, அவங்க முட்டியை உங்க முட்டியால அடைச்சுக்குங்க, இடுப்பு பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால சாயுங்க, அவங்க தானா வருவாங்க. யாரை வைத்துப் பழகுவது? இவரைத்தான். எழுபத்து நான்கு கிலோ. கால் வராத மாதிரி கிடங்க என்றால் செத்த மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார், நான் சிரித்துவிடுவேன், சிரித்தால் பலம் போய்விடும். ஒரு நாள் நான் அவர் இடுப்பைப் பிடித்து நிமிர்த்தி, அவர் தாடை என் தோளில் கிடக்க நின்றுகொண்டிருக்கும்போது அடுத்த வீட்டு ஷம்ஷாத் மோர் வாங்க வந்து, கதவருகிலேயே திரும்பி, அப்புறம் வரேங்கக்கா என்று போய்விட்டாள். நில்லு ஷம்ஷாத், இது பயிற்சி என்று நான் கத்த, இவர் கண்ணை மூடிக்கொண்டே, சொல்லாத, விடு, நல்ல பேர் கிடைச்ச மாதிரி இருக்கட்டும் என்றார். இரண்டு நாள் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இப்படி ஒரு வருஷம் என் கல்யாணமானதிலிருந்து வரவில்லை என்று சில சமயம் தோன்றும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. குளிக்கும்போது தொடையைத் தொட்டுப் பார்க்கிறேன், உள்ளே ஏதோ இருக்கிறது, என்னுடையதுதான், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க மறந்துபோகிறேன். அது எவ்வளவு பெரிய விஷயம், மறந்துபோவது.

ஆனால் எதற்காக இவளுக்கு? இந்தக் கேள்வி கீரை உருவும்போது மட்டும் வரும், கை வேலையாக இருந்தால் வாய் உள்ளே பேசும். அம்மா படுத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, யாராவது ஒருத்தி அடுப்பைப் பார்க்க வேண்டும், அக்கா தட்டச்சுப் படிப்பில் இருந்தாள், நான் நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் உயரமாக, நேராக, மடிப்புக் கலையாத தாவணியோடு தெருவில் போவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன், கையில் கரி. கல்யாணமாகி நான் அவளுக்கு எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினாள், கீழே, வீட்டில் எல்லோரும் நலம் என்று ஒரு வரி. அழுதேன். நாலு பேர் நடுவில், தனம் எட்டாவதுதானே என்பாள். ஒரு நாள்கூட, நீ நின்னதாலதான் நான் படிச்சேன் என்று சொன்னது கிடையாது. அதைக் கேட்க வேண்டும் என்றா இப்போது கூப்பிடுகிறேன்? இல்லை, அப்படியும் இல்லை, சொன்னால் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். தெரியவில்லை. உடம்பில் பலம் வந்துவிட்டால் அதை எங்காவது கொண்டுபோய் இறக்கத்தான் தோன்றுகிறது போலிருக்கிறது. அவள் அந்த இல்லத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்கம்மா என்று... ஹாரன். இது ஆட்டோ இல்லை.

தனம், வந்துட்டாங்க என்று இவர் குரல். கால்களை மடித்து, பாதத்தை உள்ளே இழுத்து, முன்னால் சாய்ந்து, கை எங்கேயும் போகாமல் நின்றுவிட்டேன், நின்ற பிறகுதான் நின்றது தெரிந்தது, பத்தாவது தடவை இன்றைக்கு இல்லை. நான் வாசலுக்குப் போவதற்குள் சுகுமார் அவளைக் காரிலிருந்து வாரியெடுத்துச் சக்கர நாற்காலியில் போட்டிருந்தான், அவன் வழக்கம் அது, மூட்டையைத் தூக்குகிற மாதிரி. அக்கா மெலிந்திருந்தாள். புடவை ஒரு பக்கம் ஏறிக் கிடந்தது, இழுத்துவிட்டேன். வா தனம் என்றாள் என் வீட்டு வாசலில், வர வேண்டியவள் நான் என்பதுபோல, வாய் கொஞ்சம் கோணலாக, மெதுவாக. பலகைமேல் நாற்காலி ஏறியது. கட்டிலருகே கொண்டுவந்து பிரேக் போட்டதும் சுகுமார் இரண்டு கையையும் நீட்டி முன்னால் வந்தான். நீ தள்ளி நில்லு என்றேன். அவன் இவரைப் பார்த்தான், இவர் ஜன்னலைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். தீபாவளி அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது, இடது கை நாற்காலியின் கையை இறுக்கிக்கொண்டது, இது கனக்கும், பயந்த உடம்பு கனக்கும். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கையை என் தோளில் போட்டேன். பெல்ட்டைக் கட்டினேன். என் முட்டியை அவள் வலது முட்டிக்கு அண்டை கொடுத்தேன், எலும்பும் எலும்பும் தொட்டன. "நான் இழுக்கப்போறதில்லைக்கா. நான் சாயறேன், நீ வா" என்றேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றில் பின்னால் சாய்ந்தேன். ஒரு கணம் ஒன்றும் அசையவில்லை, அந்த ஒரு கணத்தில் விசிறி, தரை, நனைந்த புடவை எல்லாம் வந்துபோயின. பிறகு தொடைக்குள்ளிருந்து, எங்கிருந்தோ, மெதுவாக, சத்தமில்லாமல் அது வந்தது. நாற்காலி காலியாகிவிட்டது. அக்காவின் இடது கால் தரையைக் கண்டுபிடித்து ஊன்றியது. அவளுடைய மூச்சு என் நெற்றியில் பட்டது. நெற்றியில் ஏன் படுகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன், அவளுடைய முகம் எனக்கு மேலே இருந்தது. இரண்டு வருஷமாகக் குனிந்தே பார்த்ததில் அக்கா என்னைவிட உயரம் என்பதை மறந்துபோயிருந்தேன். அவள் சுற்றிலும் பார்த்தாள், ஜன்னலை, சுகுமாரை, இவரை, அப்புறம் கண்ணைத் தாழ்த்தி என் தலையைப் பார்த்தாள்.

"என்னடி இது, உச்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு. சாயம் அடிக்கக் கூடாதா, பாக்கச் சகிக்கலை."

போதும் சித்தி, உக்கார வையுங்க என்று சுகுமார் சொல்வது கேட்டது. கட்டில் பக்கத்திலேயே இருந்தது, ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். என் தொடை இன்னும் நடுங்கவில்லை. இரு, இன்னும் கொஞ்சம் நிக்கட்டும் என்றேன்.